வெட்டிய இடம்

நாமக்கல் முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டி
ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன்,
தாராபுரத்தில், உரக்கடைக்கு மேல்மாடியில்.
யூரியா வாசம் படியேறி வரும்.
நோம்பி என்றால் மைக்செட்,
மார்கழி என்றால் சர்ச்.

கிறிஸ்துமஸ் ஆராதனையை முழுசாகப் பதிந்தேன்.
ஏழு மைக், நாற்பது குரல்,
துருத்தியில் ஓட்டை விழுந்த ஓர் ஆர்மோனியம்.
ஆயர் சீட்டெழுதிக் கொடுத்தார்:
இருமல் எடுக்கணும்.
பழனி பஸ் ஹாரன் எடுக்கணும்.
குழந்தை எடுக்கணும்.
கடைசியில், அடிக்கோடிட்டு,
மூன்றாம் பாட்டில் அந்தம்மா கத்தினது.

கத்தினதுதான்.
கஞ்சி போட்ட சட்டைகளுக்குப் பின்னே
கடைசி பெஞ்சிலிருந்து
பனைமட்டை கிழிகிற மாதிரி.
திரையில் பார்த்தால்
சோளக்காட்டு நடுவில் ஊதியூர் மலை.

வெட்டினேன்.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துத் தைத்தேன்.
தையல் தெரியாது. அதற்குத்தான் எனக்குக் காசு.

அன்று ராத்திரி காதைக் கழுவிக்கொள்ள
அந்த அமெரிக்க இசைத்தட்டைப் போட்டேன்.
திருப்பூர் மெர்ச்சன்டைசர் ஒருவன்
ஸ்பீக்கர் வாடகைக்கு ஈடாக வைத்துவிட்டுப் போனது.
அட்டையில் வியர்த்த கறுப்பு முகம், அவிழ்ந்த டை.
போதகர் மகனாம்.
ஞாயிறு காலை கோயிலில் பழக்கிய தொண்டையை
சனி இரவு சாராயக் கூடத்துக்குக் கூட்டிவந்தவனாம்.
தேவனே என்ற இடத்தில் கண்ணே என்று மாற்றினான்.
மெட்டை மாற்றவில்லை.

எனக்கு இங்கிலீஷ் பாதிதான் ஏறும்.
கூட்டம் முழுசாக ஏறும்.
நாலாம் பாட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து உடைகிறது,
ட்ரம்ஸ்காரன் அந்தச் சத்தத்திலிருந்தே
அடுத்த அடியை எடுக்கிறான்.
பாடகன் வரியைப் பாதியில் விடுகிறான்;
சப்பரத்துக்குத் தோள் மாற்றுவதுபோல்
கூடம் மீதியைத் தூக்குகிறது.
அப்புறம் ஒருத்தி.
மைக்குக்கு எங்கோ தொலைவில்.
வார்த்தை இல்லை, வெறும் வாய்.
அவன் நிற்கிறான். சிரிக்கிறான், அது கேட்கிறது.
ஆமா என்கிறான், அவளுக்கு மட்டும்.
அறுபது வருசமாக
ஆமா என்கிறான்.

ஊசியைத் தூக்கினேன்.
திரையில் என் தையல் வழுவழுவென்றிருந்தது,
சவரம் செய்த பிணம்போல.

மறுநாள் அவளே வந்தாள். தெபோராள்.
மில்லில் கோன் வைண்டிங்,
ராத்திரி ஷிப்டு விட்டு நேரே,
முடியில் பஞ்சுத் தூசியோடு.
"ஏனுங்க, எடுத்துட்டீங்களாமா?"
எடுத்துட்டனுங்க.
"ஒருக்கா கேக்கலாமுங்களா?"
பழைய கோப்பைத் திறந்தேன்.
ஹெட்போன் அழுத்தியது.
கம்மலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.
இன்னொருக்கா கேட்டாள்.

என்ன கஷ்டமோ, மனசுவிட்டு அழுதிருக்கிறீர்கள்,
தப்பில்லை என்று ஆரம்பித்தேன்.
"அழுவலைங்க" என்றாள்.
"கூடப் பாடுனனுங்க.
மேல்கட்டையில ஒருத்தருமில்லை,
காலியாக் கெடந்துது. போனேன்."

கம்மலைப் படியிறங்கிக்கொண்டே மாட்டினாள்.

அவள் போனபிறகு கீபோர்டில் அந்தச் சுரத்தைத் தேடினேன்.
இருந்தது.
ஆர்மோனியத்தோடு மயிரிழை விலகாமல், அதே சுரம்,
ஒரு ஸ்தாயி மேலே.
கால்கட்டை இறங்கியிருந்தது
நாற்பது பேர்தான்.

இதை ஆயருக்கு எப்படிச் சொல்வது?
சொல்லவில்லை.
தையலைப் பிரித்து அவளை அவள் இடத்தில் வைத்தேன்.
இருமலை எடுத்தேன், அது என்னுடையது.
குழந்தையை விட்டேன்,
அது அவளுக்கு முன்னாலேயே வாய் திறந்திருந்தது.
பழனி பஸ்
கடைசி ஆமெனுக்கு அரைத் தாளம் பிந்தி வருகிறது.
வரட்டும்.